லாரித் தொழிலுக்குள் பெண்கள் நுழைய வாசல் எங்கே?

லாரி ஓட்டுநராவதற்குச் சட்டம் காட்டும் வழி ஒன்று, தொழில் காட்டும் வழி வேறொன்று. சட்டத்தின் வழி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முடிகிறது. தொழிலின் வழி கிளீனர் இருக்கையில் தொடங்குகிறது. பெண்களை லாரித் தொழிலுக்குக் கொண்டுவருவது பற்றி நம் நாட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் முதல் வழியைப் பற்றியதாகவே இருக்கிறது. இலவசப் பயிற்சி, உரிமக் கட்டணச் சலுகை, பாராட்டு விழா ஆகியவை எல்லாம் அதைச் சேர்ந்தவை. அடைப்பு இருப்பதோ இரண்டாவது வழியில்.

சட்டத்தில் பெண்ணுக்குத் தடை எதுவும் இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கான பழகுநர் உரிமம் கேட்பவர் இலகு ரக வாகன உரிமத்தை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதியையும் ஒன்றிய அரசு 2019-இல் நீக்கிவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தைத் தனி அங்கீகாரம் இல்லாமலே ஓட்டலாம் என்று உறுதிப்படுத்தியது. கார் ஓட்டக் கற்று உரிமம் பெற்ற ஒரு பெண், ‘சின்ன யானை’ என்று ஊரே அழைக்கும் சிறு சரக்கு வண்டியை ஓட்டுவதற்கு இன்று கூடுதல் காகிதம் எதுவும் தேவையில்லை. ஆக, காகிதத்தின் அளவில் கதவு நன்றாகவே திறந்திருக்கிறது.

ஆனால் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு லாரி உரிமையாளர், பல லட்சம் கடன் வாங்கி எடுத்த வண்டியின் சாவியை உரிமத்தைப் பார்த்து ஒருவரிடம் கொடுத்துவிடுவதில்லை. யாரிடம் கிளீனராக இருந்தாய், எந்த ரூட் ஓடியிருக்கிறாய், எந்த மலைப்பாதையில் லோடு வண்டி இறக்கியிருக்கிறாய் என்றுதான் கேட்பார். இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவரை உருவாக்கும் பள்ளிக்கூடமாக இருந்தது கிளீனர் வேலை. கிளீனராகச் சேரும் பையன் முதலில் கண்ணாடி துடைப்பான். தண்ணீரும் ஆயிலும் பார்ப்பான். இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டி, எழும் ஓசையிலேயே காற்று குறைந்த டயரைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வான். தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவான், சாலையோரத்தில் அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வடிப்பான், வண்டி பின்னால் வரும்போது ‘வா, வா’ என்று குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டுப் பலகையைத் தட்டுவான், நள்ளிரவுக்கு மேல் ஓட்டுநர் கண் அசராமலிருக்கப் பேச்சுக் கொடுப்பான். என்றோ ஒரு நாள் லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியில், ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் ஸ்டீயரிங் அவன் கைக்கு வரும். அதற்குள் ஓரிரு ஆண்டுகள் கழிந்திருக்கும். எந்தப் புக்கிங் ஆபீஸில் வாடகையை இழுத்தடிப்பார்கள், எந்த இறக்கத்தில் கியரைக் குறைத்தே இறங்க வேண்டும், எந்த ஊரில் இரவில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் அவனுக்குள் பதிந்திருக்கும்.

அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்காக 2021-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரங்களில் 38 மணி நேரம். வகுப்பறைப் பாடமும் அதற்குள்ளேயே அடக்கம். 38 மணி நேரத்தில் வண்டியை நகர்த்தவும் நிறுத்தவும் திருப்பவும் கற்றுக்கொள்ளலாம். தொழிலைக் கற்றுக்கொள்ள முடியாது. ஆண்களுக்கு இந்த இடைவெளியைக் கிளீனர் வேலை நிரப்பியது. ஆணும் பெண்ணும் ஒரே கேபினில் வாரக்கணக்கில் பயணம் செய்து, முன்னிருக்கைக்குப் பின்னாலுள்ள ஒற்றைப் பலகையில் மாறிமாறித் தூங்க வேண்டிய அந்த ஏற்பாட்டுக்குள், ஒரு பெண்ணை அனுப்ப அவள் வீட்டாரும் விரும்பமாட்டார்கள், ஏற்றிச்செல்ல ஓட்டுநரும் தயங்குவார். உரிமையாளர் அப்படி ஒரு யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

இந்தியாவில் லாரி ஓட்டிப் பெயர் பெற்ற பெண்களின் வரலாற்றைக் கவனித்தால் இந்த அடைப்பு எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர். கணவர் இறந்த பிறகு அவர் விட்டுச்சென்ற லாரித் தொழிலைக் கையிலெடுத்து, வேலைக்கு வைத்த ஓட்டுநர் விபத்து நேர்ந்ததும் வண்டியை விட்டுவிட்டு ஓடிப்போன பின்னர், தானே ஓட்டுவதென்று முடிவு செய்தவர். கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்த டெலிஷா டேவிஸ், கொச்சிக்கு அருகிலுள்ள இரும்பனத்திலிருந்து மலப்புறம் மாவட்டத்துத் திரூருக்கு எரிபொருள் டேங்கர் ஓட்டும் எம்.காம். மாணவியாக 2021-இல் செய்திகளில் வந்தார்; அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பல்லாண்டுகளாக டேங்கர் ஓட்டிவந்த அவருடைய தந்தை. கோட்டயம் மாவட்டத்து ஏற்றுமானூரைச் சேர்ந்த ஜலஜா ரதீஷ், கணவருடன் காஷ்மீர் வரை லாரி ஓட்டிச் சென்று அந்தப் பயணங்களை யூடியூபில் காட்டுபவர். தமிழ்நாட்டிலும் அவருடைய காணொளிகளுக்குப் பார்வையாளர்கள் உண்டு. வண்டிகள் அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமானவை.

மூவருடைய துணிச்சலையும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனாலும் மூவரும் தொழிலுக்குள் வந்த வழி ஒன்றே என்பதைப் பார்க்காமல் விடவும் முடியாது: தந்தையின் கேபின், கணவரின் கேபின், அல்லது கணவர் விட்டுச்சென்ற வண்டி. கற்றுக்கொள்வதற்கான பாதுகாப்பான இருக்கையோ ஓட்டுவதற்கான வண்டியோ குடும்பத்துக்குள்ளேயே அவர்களுக்குக் கிடைத்தது. லாரியோடு எந்த உறவும் இல்லாத குடும்பத்திலிருந்து வந்து, முன்பின் அறியாத உரிமையாளரிடம் கூலிக்கு ஓட்டும் பெண்ணைத் தேடினால்தான் இந்தத் தொழிலின் உண்மை நிலை தெரியவரும். பேருந்தில் நிலைமை சற்றே வேறு. கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த எம். வசந்தகுமாரி 1993-இல் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராகச் சேர்ந்தார். அங்கே அரசு என்ற முதலாளி இருந்தது, பணிமனை இருந்தது, விதி இருந்தது, ஓட்டி முடித்தபின் வீட்டுக்குப் போகும் நேரமும் இருந்தது. அப்படி ஒருவர் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்ணைக் கண்டால் நாம் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கிறோம் என்பது வேறு விஷயம்.

கற்றுக்கொடுக்கும் கேபினின் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலும் புதிய ஓட்டுநர் பயிற்றுநர் ஒருவருடன் வாரக்கணக்கில் ஒரே வண்டியில் ஓட்டி, அதிலேயே தூங்கித்தான் தொழில் கற்கிறார். மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த நியூ பிரைம் என்ற பெரிய லாரி நிறுவனத்தின் மீது, பயிற்றுநர் ஒருவர் பெண் பயிற்சியாளரிடம் பாலியல் தொல்லை தந்த வழக்கு வந்தது. அதற்குப் பிறகு 2004-இல் அந்த நிறுவனம், பெண்களுக்குப் பெண்களே பயிற்சி தர வேண்டும் என்று விதி வகுத்தது. கேட்பதற்கு நியாயமான விதிதான். ஆனால் அங்கே பெண் பயிற்றுநர்கள் மிகச் சிலரே இருந்ததால், ஆண்கள் உடனுக்குடன் வண்டியேறிச் செல்ல, பெண்கள் மாதக்கணக்கில், சிலர் ஓராண்டுக்கும் மேலாக, காத்திருப்போர் பட்டியலில் கிடந்தார்கள். அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2014-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியே பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்புக்காகப் போட்ட வேலி பெண்களையே வெளியில் நிறுத்திவிட்டது. பெண் பயிற்றுநர்கள் உருவாகும் வரை காத்திருப்போம் என்று நம்மிடையே சொல்பவர்கள் இந்த வழக்கை அறிந்துகொள்வது நல்லது. பெண் ஓட்டுநர்கள் இல்லாமல் பெண் பயிற்றுநர்கள் எங்கிருந்து வருவார்கள்?

இதற்கிடையில், ஆண்களுக்கான பழைய வழியும் தூர்ந்துகொண்டு வருகிறது. கிளீனர் வேலைக்குப் பையன்கள் வருவதில்லை. படித்த பையன் வரமாட்டான், படிக்காத பையனுக்கும் ஊரிலேயே வேறு வேலை கிடைக்கிறது. வாடகை கட்டுப்படியாகாத உரிமையாளர்களும் கிளீனர் படியை மிச்சம் பிடிக்க ஓட்டுநரைத் தனியாகவே அனுப்பப் பழகிவிட்டார்கள். 2025 மார்ச் மாதத்தில் தென்மண்டல எல்பிஜி டேங்கர் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாமல் வரும் வண்டிக்கு அபராதம் விதிக்கும் புதிய ஒப்பந்த நிபந்தனையும் அவர்களுடைய எதிர்ப்புக்கு ஒரு காரணமாக இருந்தது. இரண்டாவது இருக்கைக்கு ஆள் கிடைக்காத நிலை வந்துவிட்டது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை. ஓட்டுநர் பற்றாக்குறை என்று சங்கங்கள் பேசுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஓட்டுநரை உருவாக்கிய பள்ளி மூடப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் புதிதாக ஒன்றைக் கட்டியே ஆக வேண்டும். கட்டும்போதே பெண்களுக்கும் பொருந்தும்படி கட்டலாம் என்பதே என் வாதம்.

உடல் வலிமை பற்றிய பேச்சை நீட்ட வேண்டியதில்லை. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டிகளில் திருப்பத்துக்குத் திருப்பம் தோளைக் கொடுக்க வேண்டியிருந்தது உண்மை. இன்றைய வண்டிகளில் ஸ்டீயரிங்கும் கிளட்சும் அந்த அளவுக்கு ஆளைக் கேட்பதில்லை. டயர் மாற்றுவதும் தார்ப்பாய் இழுத்துக் கட்டுவதும் இன்னமும் கடினமான வேலைகளே. ஆனால் கன்டெய்னருக்கும் டேங்கருக்கும் தார்ப்பாயே கிடையாது. நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிடாமல் தனியாகவே மாற்றும் ஆண் ஓட்டுநரும் இன்று அரிது. உடலைக் காரணம் காட்டும் விதிகள் பல நேரங்களில் தேவையைப் பார்த்து எழுதப்பட்டவையே அல்ல. டெல்லி அரசு 2022-இல் பெண் பேருந்து ஓட்டுநர்களுக்கான குறைந்தபட்ச உயரத்தை 159 சென்டிமீட்டரிலிருந்து 153 ஆகக் குறைத்தபோது பேருந்துகளில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கேபினின் வெக்கையும் தணியத் தொடங்கியிருக்கிறது. நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விதி 2025-இல் நடைமுறைக்கு வந்தது.

உண்மையான கடினம் வண்டி நிற்கும்போதுதான் தொடங்குகிறது. வெளியில் இருப்பவர்களுக்கு லாரி என்றால் ஓட்டம். தொழிலில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் காத்திருப்பு. தொழிற்சாலை வாசலில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பது, லோடு ஏறக் காத்திருப்பது, இறக்கக் காத்திருப்பது, ரிட்டர்ன் லோடு கிடைக்கும் வரை வெளிமாநில மார்க்கெட் ஒன்றில் இரண்டு நாள், மூன்று நாள் கிடப்பது. வாசலுக்கு உள்ளே ஊழியர்களுக்குக் கழிப்பறை, உணவகம், நிழல் எல்லாம் இருக்கும். வாசலுக்கு வெளியே வரிசையில் நிற்கும் ஓட்டுநருக்கு வேலியோரப் புதர்தான். ஆண்கள் இந்த அவமானத்துக்குப் பழகிவிட்டார்கள், அல்லது பழகிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பெண்ணுக்கு அந்தப் புதரும் கிடையாது. நெடுந்தூரம் பயணம் செய்யும் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும் அதனால் சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாவதும் நம் வீடுகளில் எல்லோரும் அறிந்ததே. ஒரு நாள் பேருந்துப் பயணத்தில் படும் பாட்டை வேலையாகவே ஏற்றுக்கொண்டு, மாதவிடாய் நாட்களிலும் சேர்த்துப் படச் சொல்வதற்குப் பெயர் வாய்ப்பு ஆகாது.

பெட்ரோல் நிலையங்களில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அது பூட்டியிருக்கும். பகலில் சாவியைக் கேட்டு வாங்கலாம், இரவில் சாவி வைத்திருப்பவர் தூங்கிக்கொண்டிருப்பார். தேசிய நெடுஞ்சாலைகளில் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒரு வழியோர வசதி மையம் என்ற திட்டம் புதிய சாலைகளில் உருப்பெற்று வருகிறது. எண்ணெய் நிறுவனங்கள் லாரி ஓட்டுநர்களுக்காகப் படுக்கை, குளியலறை, சமையலிடம் ஆகியவற்றோடு ‘அப்னா கர்’ என்ற ஓய்வில்லங்களைத் திறந்திருக்கின்றன. நல்ல தொடக்கங்கள்தான். ஆனால் ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்ட ஓய்விடம், அங்கே தனியொரு பெண்ணாக வந்து சேரும் ஓட்டுநருக்குப் பயன்படாது; அவர் கேபினைப் பூட்டிக்கொண்டு அதற்குள்ளேயே தூங்குவார். உள்ளிருந்து தாழிடக்கூடிய இரண்டே இரண்டு அறைகள் இருந்தால் போதும், கணக்கு மாறிவிடும்.

வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பிட்டது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. 2025 நவம்பரில் அதன் இடத்தை எடுத்துக்கொண்ட, பணியிடப் பாதுகாப்பு பற்றிய 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்தியிருக்கிறது. ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு, தானும் ஓட்டி, ஓர் ஆளையும் போட்டு ஓட்டும் சிறு உரிமையாளர்கள் நிறைந்த தொழிலில் இந்தச் சட்டங்களின் நிழல் விழும் இடம் மிகச் சிறியது. மகப்பேறு விடுப்பும் அப்படித்தான். 26 வாரங்கள் சம்பளத்தோடு விடுப்பு என்பது, சம்பளப் பட்டியலே இல்லாமல் நடைக்கு இவ்வளவு படி என்று வாங்கும் ஓட்டுநருக்குப் பொருளற்ற எண். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்காகத் தமிழ்நாட்டில் உள்ள நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டால் உதவித்தொகைகள் கிடைக்கும். அது உதவியே தவிர, ஊதியத்தின் இடத்தை நிரப்பாது.

பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையின் பொருட்டுச் செல்லும் இடங்களையும் பணியிடமாகவே கொள்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனத்தில் வேலை செய்யும் பெண், மாவட்டத்தில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். வண்டி நாமக்கல் உரிமையாளருடையது, சம்பவம் நடந்தது நாக்பூர் கிடங்கின் வாசலில், தொல்லை தந்தவர் வேறொரு மாநில வண்டியின் ஓட்டுநர் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அந்தப் பெண் எந்த மாவட்டத்துக் குழுவைத் தேடிப் போவார், போனாலும் விசாரணைக்கு வரும் நாட்களில் அவருக்குப் படி யார் தருவார்? ஒரே கூரையின் கீழ் எல்லோரும் வேலை செய்யும் அலுவலகத்தை மனதில் வைத்து எழுதிய சட்டம், மாநிலம் மாநிலமாக நகரும் பணியிடத்தில் தடுமாறுகிறது.

இத்தனைக்கும் நடுவில் பெண்கள் கனரக வாகனம் ஓட்டும் இடங்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களை மாலை 7 மணிக்கு மேல் சுரங்கத்தில் வேலை செய்ய அனுமதிக்கவில்லை. 2019-இல் ஒன்றிய அரசு நிபந்தனைகளோடு அந்தத் தடையைத் தளர்த்திய பிறகு, ஜார்க்கண்டின் நோவாமுண்டி இரும்புத் தாதுச் சுரங்கத்தில் டாடா ஸ்டீல் பெண்களை எல்லா ஷிஃப்டுகளிலும் ஈடுபடுத்தியது. அங்கே கனரக இயந்திரங்களை இயக்கப் பயிற்சி பெற்றவர்களில் சுற்றுவட்டார ஊர்ப் பெண்களும் உண்டு. அவர்கள் ஓட்டும் டம்பர்கள் சாலை லாரியைவிடப் பல மடங்கு பெரியவை. வண்டியின் அளவு தடையில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். அங்கே மாறியிருந்தது சூழல்: வேலை நேரத்துக்கு முடிவு உண்டு, கழிப்பறை உண்டு, பயிற்சிக்கு ஒருவருடைய தனிப்பட்ட தயவு தேவையில்லை, இரவு தங்கல் வீட்டில்.

அதே நிபந்தனைகள் அமையக்கூடிய ஓட்டங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. நாமக்கல் பண்ணைகளிலிருந்து கேரளத்துக்கு அன்றாடம் போகும் முட்டை லாரிகள், திருப்பெரும்புதூர் வட்டாரத்துக் கார் தொழிற்சாலைகளுக்கும் சென்னைத் துறைமுகங்களுக்கும் இடையிலான ஓட்டம், திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் கன்டெய்னர்கள், நகருக்குள் ஓடும் சிறு சரக்கு வண்டிகள் எல்லாம் தெரிந்த பாதையில், தெரிந்த வாசல்களுக்கு இடையில் நடப்பவை. அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்பலாம். இரண்டாவது இருக்கையில் ஒரு பெண் பழகுநராக உட்கார்வதற்கும் இவைதான் ஏற்றவை. அங்கே கேபினில் இரவு தங்குவதை அட்டவணையிலேயே தவிர்க்க முடியும். எடுத்த எடுப்பில் காஷ்மீர் ஓட்டத்தைக் காட்டிப் பெண்களை அழைப்பது செய்திக்கு உதவுமே தவிர ஆள்சேர்ப்புக்கு உதவாது. குறுந்தூர ஓட்டத்துக்குப் படி குறைவு என்ற உண்மையையும் மறைக்கக் கூடாது. நடைக்குக் கூலி என்றில்லாமல் மாதச் சம்பளமாக்கினால்தான் அது நிற்கும்.

பயிற்சித் திட்டங்களில் டெல்லியின் ‘மிஷன் பரிவர்த்தன்’ கவனிக்கத்தக்கது. 2022-இல் தொடங்கிய அத்திட்டத்தில், புராரியிலுள்ள பயிற்சி நிலையத்தில் பெண்களுக்குக் கனரக வாகனப் பயிற்சி தரப்பட்டது. கற்று முடித்தவர்களை ஏற்றுக்கொள்ள மறுமுனையில் டெல்லி போக்குவரத்துக் கழகம் இருந்ததால், அவர்களில் சிலர் பேருந்து ஓட்டுநர்களாக வேலையில் சேர முடிந்தது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் 1990-களிலிருந்தே இருக்கிறது. பயிற்சிக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. லாரித் தொழிலில் இல்லாதது அந்த மறுமுனைதான். முன் அனுபவம் இல்லாதவருக்கு வண்டி தரமாட்டோம் என்கிறார்கள் உரிமையாளர்கள். வண்டி கிடைக்காமல் அனுபவம் வராது. ஒற்றை லாரியை வைத்துக் கடன் தவணை கட்டுபவரிடம் இந்தச் சுமையை ஏற்கச் சொல்வதும் நியாயமாகாது.

சுமையை ஏற்கக்கூடியவர்கள் சரக்கை அனுப்புபவர்கள். எண்ணெய் நிறுவனங்களும் சிமென்ட், கார் ஆலைகளும்தான் வாடகையை நிர்ணயிக்கின்றன. வாசலில் வண்டி எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, அந்த இருக்கையில் பழகுநர் ஒருவரை வைத்திருக்கும் வண்டிக்கு அவருடைய படியைச் சேர்த்து வாடகை தருவோம் என்றும் எழுத முடியும். லோடிங் பாயிண்டில் ஓட்டுநர்களுக்கான கழிப்பறையை ஆலை வளாகத்துக்குள் கட்டுவது அவர்களுடைய செலவில் ஒரு பொருட்டே ஆகாது. வண்டி குறித்த நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங் வாடகையை வாதாடாமல் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், வாசலில் நிற்கும் வரிசை தானாகவே குறையும். அதன் முதல் பயன் இப்போது அந்த வரிசையில் நிற்கும் ஆண்களுக்குத்தான் போய்ச் சேரும்.